பட்டியலில் பெயர் இருக்கிறது, திரையில் இல்லை

"மேடம், பேரு சேருது. கன்சோல்ல பாத்தா இருக்கு. ஆனா திரையில மட்டும் வரமாட்டேங்குது."

நான் நடத்தும் ரியாக்ட் வகுப்புகளில் முதல் வாரமே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கிறவர்களின் முகத்தில் 'நமக்கு இது சரிப்படாதோ' என்ற பயம் தெரியும். அந்தப் பயம் வேண்டாம்.

ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட், 2013-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தரவை நாம் மாற்றினால் போதும், திரையை அது பார்த்துக்கொள்ளும். ஆனால், தரவு மாறியது அதற்கு எப்படித் தெரியும்? தொடக்கக்காரர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பெயர்ப் பட்டியல் என்பது ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அர்ரே. அதில் 'புஷ்' போட்டுப் பெயர் சேர்த்தால், இருக்கிற அர்ரேயே நீள்கிறது. வீட்டுக்குள் இன்னொருவர் குடிவந்தாலும் கதவு எண் மாறாதல்லவா? ரியாக்ட் பார்ப்பது கதவு எண்ணை மட்டும்தான். எண் பழையதாகவே இருந்தால் திரையைத் தொடாது. பழைய பெயர்களை நகலெடுத்து, புதிய பெயரையும் சேர்த்து, வேறொரு அர்ரேயாகக் கொடுங்கள். உடனே திரையில் வந்துவிடும்.

இது ரியாக்ட் பாடமே இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் பாடம். வேலை விளம்பரம் ரியாக்ட் கேட்கிறது என்பதற்காக அதை முதல் நாளே திறந்துவைக்கும் பாடத்திட்டங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

பழைய வீடியோக்கள் இன்னொரு தொல்லை. 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்போடு, கிளாஸ் இல்லாமலே எழுத உதவும் ஹூக்ஸ் வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் பெரும்பாலும் கிளாஸ் முறைதான் இருக்கும். புது புராஜெக்ட் தொடங்கப் பல ஆண்டுகள் எல்லோரும் பயன்படுத்திய 'கிரியேட் ரியாக்ட் ஆப்'புக்கு 2025 பிப்ரவரியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வீடியோவின் தேதியைப் பார்க்காமல் உட்கார்ந்தால், வராத பிழையெல்லாம் வரும்.

என் வகுப்பில் முதல் வேலை, ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லாமல் ஒரு மளிகைப் பட்டியல். பொருள் சேர்க்க, நீக்க, மொத்தத் தொகை காட்ட எல்லாவற்றுக்கும் அவர்களே நிரல் எழுத வேண்டும். அரிசியை நீக்கியிருப்பார்கள், தொகை குறையாமல் அப்படியே நிற்கும். அந்தப் பிழையைத் தேடித் தேடி அலுத்த பிறகுதான் ரியாக்ட். அங்கேயும் அதே மளிகைப் பட்டியலைத்தான் எழுதச் சொல்கிறேன். ரியாக்ட் கவனிக்கும் தரவான 'ஸ்டேட்' எதற்கு என்று அப்போது நான் விளக்க வேண்டியிருப்பதில்லை.