மூன்றாம் துளையின் ரிஷபம்

சங்ககிரி, எடப்பாடி, மேச்சேரி வட்டாரத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியப் பெட்டியும் முகவீணையும் அருகருகே உட்கார்ந்திருக்கும். பெட்டி சுருதியைப் பிடித்து நிற்கும். முகவீணை ராகத்தை இழுத்துக் குழைத்து, வேடக்காரர் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். பெட்டிக்குக் குழையத் தெரியாது. முகவீணைக்கு ஒரே மூச்சில் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கத் தெரியாது. இந்த இரண்டு வேலையையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள். அவர்கள் கையில் இருந்தது பத்துத் துளை மௌத் ஆர்கன். இன்று அதில் பத்துப் பதினைந்து வகைகள் இணையத்தில் கிடைக்கின்றன. மரச்சட்டம் வைத்ததா, பிளாஸ்டிக் வைத்ததா, எதில் நாதம் நன்றாக இருக்கும் என்பதுதான் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது. அந்தக் கேள்வி தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கட்சி. இந்தக் கருவியில் நாதத்தைத் தனியாகவும் வாசிக்கும் சௌகரியத்தைத் தனியாகவும் எடைபோட முடியாது. எந்தக் கருவி மூச்சுக்கு வளைந்து கொடுக்கிறதோ அதில்தான் நாதம் பிறக்கும்.

மௌத் ஆர்கனும் ஆர்மோனியமும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒலி எழுப்புவது பித்தளை ரீடு. ஒரு முனையைத் தட்டில் அறைந்திருப்பார்கள்; மறுமுனை, தட்டில் வெட்டிய நீளத் துவாரத்துக்குள் எதிலும் உரசாமல் போய்வரும். போய்வரும்போது அது காற்றோட்டத்தை விட்டுவிட்டு அனுப்புகிறது. அதுவே நம் காதில் சுரமாக விழுகிறது. 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்தபோது, அதில் கமகம் வராது என்பது பெரிய குற்றச்சாட்டாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் அந்தத் தடை தளர்ந்தது. பெட்டியைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் பழி ரீடின்மேல் விழுந்ததுதான் சரியில்லை. அதே பித்தளை ரீடு மௌத் ஆர்கனில் வளைகிறது. பாடகர் தொண்டையில் குழைவதுபோலவே குழைகிறது.

வித்தியாசம் காற்றின் பாதையில் இருக்கிறது. பெட்டியில் காற்றைத் தருவது துருத்தி. ரீடு தன் இடத்தில் தனியாக நிற்கிறது. ப்ளூஸ் மௌத் ஆர்கனில் ஒவ்வொரு துளைக்குப் பின்னும் ஒரு சின்ன அறை. அதில் ஊதினால் ஒலிப்பது ஒன்று, உறிஞ்சினால் ஒலிப்பது ஒன்று என இரண்டு ரீடுகள் குடியிருக்கின்றன. வாசிப்பவர் நாக்கைப் பின்னுக்கு இழுத்து வாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தின் அளவை மாற்றும்போது, உறிஞ்சும் ரீடின் சுருதி இறங்கத் தொடங்குகிறது. இறங்க இறங்க, சும்மா இருந்த ஊதும் ரீடு ஒலியைத் தன் கைக்கு வாங்கிக்கொள்கிறது. ஆர். பி. ஜான்ஸ்டன் 1987ல் எழுதிய ஆய்வும், இதய அறுவை மருத்துவரான ஹென்றி பான்சன் தன் சகாக்களோடு 1998ல் வெளியிட்ட அளவீடுகளும் இதைத் தெளிவாக்கின. ஆய்வுக்கூடம் இல்லாமலும் சோதிக்கலாம். மேல் மூடியைக் கழற்றி, மூன்றாம் துளைக்கு மேலே ஊதும் ரீடின் துவாரத்தை விரலால் அடைத்துவிட்டு உறிஞ்சினால் சுரம் ஒலிக்கும், ஆனால் பழையபடி வளையாது. விரலை எடுத்ததும் வளையும்.

நம் சுரப் பெயர்களில் சொன்னால் விஷயம் இன்னும் துலங்கும். சி சுருதி மௌத் ஆர்கனை ப்ளூஸ்காரர்கள் பெரும்பாலும் ஜியில், நம் கணக்கில் 5 கட்டையில், வாசிப்பார்கள். இரண்டாம் துளையை உறிஞ்சினால் ஷட்ஜம். மூன்றை உறிஞ்சினால் அந்தர காந்தாரம். நான்கை ஊதினால் சுத்த மத்யமம், உறிஞ்சினால் பஞ்சமம். ஐந்தை ஊதினால் சதுச்ருதி தைவதம், உறிஞ்சினால் கைசிகி நிஷாதம். ஆறை ஊதினால் மேல் ஷட்ஜம். ஏறக்குறைய ஹரிகாம்போஜி. ஏறக்குறைய என்பதற்குக் காரணம், இந்த ஸ்தாயியில் ரிஷபத்துக்கு ரீடே கிடையாது. மூன்றாம் துளையின் அந்தர காந்தாரத்தை மூச்சால் இறக்க வேண்டும்: அரை சுரம் இறக்கினால் சாதாரண காந்தாரம், இன்னும் அரை இறக்கினால் சதுச்ருதி ரிஷபம், அதற்கும் கீழே சுத்த ரிஷபம். ப்ளூஸின் உயிர், இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே எங்கோ நிற்காமல் அசையும் அந்தக் காந்தாரத்தில் இருக்கிறது. ஆக, ஒரே துளையில், ஒரே உறிஞ்சலில், நான்கு சுரங்களும் அவற்றுக்கு இடைப்பட்டவையும் கிடைக்க வேண்டும். ஒரு மௌத் ஆர்கன் நல்லதா என்று தெரிய மூன்றாம் துளையின் ரிஷபத்தைத்தான் கேட்க வேண்டும். அது நடுங்காமல் நின்றால் மற்ற துளைகள் பெரும்பாலும் தாமாகச் சரியாக இருக்கும்.

இதை ஒப்புக்கொண்டால் மரமா பிளாஸ்டிக்கா என்ற கேள்வி சிறுத்துப்போகிறது. ரிஷபம் நிற்க இரண்டு நிபந்தனைகள் போதும். ஒன்று, காற்று கசியக்கூடாது. ரீடுக்கும் துவாரத்தின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி தலைமுடியை விடக் குறுகலாக இருக்க வேண்டும். தட்டு நடுச்சட்டத்தின்மேல் படிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு, ரீடின் நுனி தட்டிலிருந்து எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பது. அதிகம் தூக்கினால் சுரம் பேசவே நிறைய மூச்சு வேண்டும். படிந்து கிடந்தால் கொஞ்சம் அழுத்தி வாசித்ததும் ஒலி அடைத்துக்கொள்ளும். ரீடு நுனியின் கனம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தூக்கல் என்பது பழுது பார்ப்பவர்களின் கைக்கணக்கு. விலை கூடிய கருவிகளில் நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் இந்த நுட்பமான பொருத்தத்துக்கு.

இதற்கு நம் ஊரில் எழும் மறுப்பு வலுவானது. பலா மரம் இல்லாமல் தஞ்சாவூர் வீணை உண்டா, ஆச்சா மரம் இல்லாமல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் உண்டா, மௌத் ஆர்கனுக்கு மட்டும் மரம் எப்படி முக்கியமில்லாமல் போகும் என்று கேட்பார்கள். கருவி எப்படி ஒலிக்கிறது என்பதில் விடை இருக்கிறது. வீணையில் தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றில் சேர்ப்பது மரப்பலகை. பலகை மாறினால் ஒலி மாறும். நாகஸ்வரத்தில் குழலுக்குள் நிற்கும் நீளமான காற்றுத் தூண்தான் சுருதியையே தீர்மானிக்கிறது. அந்தக் குழலின் உட்சுவர் மரம். மௌத் ஆர்கனின் நடுச்சட்டம் இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. அது கட்டியான சின்னச் சட்டம். சுருதியை வைத்திருப்பது ரீடு, ஒலியை வெளியே தள்ளுவது காற்று. சட்டத்தின் பொருளைவிட மூடித் தகட்டின் வடிவம் காதில் அதிகம் தெரியும். பின்பக்கம் நன்றாகத் திறந்த மூடி ஒலியைப் பளிச்சென்று வெளியே விடும். மூடிய வடிவம் அதை அடக்கும். மரத்துக்குக் கிடைத்த புகழில் பாதி இந்த மூடிக்குச் சேர வேண்டியது.

அனுபவமுள்ள கலைஞர்களே மர மௌத் ஆர்கனின் நாதம் தனி என்கிறார்களே என்றால், அவர்கள் உணர்வது பொய்யென்று சொல்ல மாட்டேன். உதட்டில் மரம் படும் விதம் வேறு, அறை உள்சுவரின் வழவழப்பு வேறு, கசிவின் அளவும் வேறு. இவை வாசிப்பவரின் மூச்சை மாற்றும். மூச்சு மாறினால் நாதமும் மாறும். ஆனால் சரித்திரம் இன்னொரு சாட்சியையும் வைத்திருக்கிறது. ஜெர்மனியின் ட்ரோசிங்கனில் மத்தியாஸ் ஹோனர் 1857ல் தொடங்கிய நிறுவனம் 1896ல் மரைன் பேண்ட் வகையைக் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய ப்ளூஸ் கலைஞர்கள் பலர் வாசித்தது இதைத்தான். சன்னி டெர்ரி அதில் ரயிலின் ஓட்டத்தையும் தன் கூவலையும் கலந்து, தாளமும் மூச்சிரைப்புமாக வாசித்தார். லிட்டில் வால்டர் அதையே மைக்கோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி, ஆம்ப்ளிஃபயரில் முறுக்கி, 1952ல் ‘ஜூக்’ பதிவில் சாக்ஸஃபோனுக்குச் சமமான கனத்தோடு ஒலிக்க வைத்தார். ஒரே வகைக் கருவி, ஒரே மரச்சட்டம். நாதத்தில் இவ்வளவு தூரம். நாதத்தின் பெரும்பங்கை எழுதுவது வாயும் கையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் எந்தக் கருவியானாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டக்கூடாது; கசிகிற கருவியில் லிட்டில் வால்டரின் வாயாலும் ரிஷபத்தை நிறுத்த முடியாது. பழைய மரைன் பேண்டில் பேரி மரச்சட்டத்தின்மேல் தட்டுகளை ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். எச்சில் பட்டால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சேலம் சமவெளியின் சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்து, மாலையில் வாசிக்கும்போது நனையும் மரம் நாளடைவில் கசியத்தானே செய்யும்? ஹோனரின் ஸ்பெஷல் 20 பிளாஸ்டிக் சட்டத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஒலி கொஞ்சம் உருண்டையாக, மென்மையாக வரும், தொடங்குகிறவரின் மூச்சுக்கு இடம் கொடுக்கும். மரத்துக்குப் பூச்சு கொடுத்துத் திருகாணி போட்ட மரைன் பேண்ட் டீலக்ஸ், அடுக்கு மூங்கில் சட்டம் வைத்த கிராஸோவர் இரண்டும் பழைய பளிச்சென்ற ஒலியைக் கசிவில்லாமல் தர முயன்றவை. டென்மார்க்கில் பிறந்த கலைஞர் லீ ஆஸ்கர் ஜப்பானின் டோம்போ நிறுவனத்தோடு 1983ல் கொண்டுவந்த கருவியில், ரீடு போய்விட்டால் தட்டை மட்டும் மாற்றலாம். பழுது பார்க்க ஆள் கிடைக்காத ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. 1847ல் தொடங்கிய செய்டல் நிறுவனம் அதே ஆண்டின் பெயரில் விற்கும் வகையில் துருப்பிடிக்காத எஃகு ரீடு வைத்திருக்கிறது. அதன் பெரிய பலம் உழைப்பு. அழுத்தி வாசிக்கிறவர்களுக்கு அது பொருந்தும்.

சுருதி அமைப்பிலும் இவற்றுக்குள் வேற்றுமை உண்டு. தம்பூராவில் பழகிய காது அதை உடனே பிடிக்கும். பழைய மரைன் பேண்டில் சுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் அடிக்காமல் இழையும்படி அமைத்திருந்தார்கள். அதற்கு விலையாக ஐந்தாம் துளையின் கைசிகி நிஷாதம் தனியாக வாசித்தால் இறங்கியே கேட்கும். லீ ஆஸ்கர் பியானோவின் சம இடைவெளியை ஒட்டியது: தனிச் சுரங்கள் நேராக நிற்கும், சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு சிறு உதறல் இருக்கும். ஷட்ஜ பஞ்சமத்தைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் பாட நினைப்பவருக்கு முதல் வகைதான் சுகம்.

நம் பக்கம் மௌத் ஆர்கன் பிரபலமானதே வேறு வழியில். 1958ல் ‘சோல்வா சால்’ படத்துக்காக ஆர். டி. பர்மன் வாசித்ததும், 1975ல் ‘ஷோலே’யில் அமிதாப் பச்சன் வாசிப்பதாக வரும் மெட்டை பானு குப்தா வாசித்ததும் அதைச் சினிமா மெட்டு வாசிக்கும் கருவியாக மனதில் பதித்துவிட்டன. கடைகளில் மலிவாகக் கிடைப்பதும் மெட்டுக்கு ஏற்ற ட்ரெமலோ வகை. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் சுருதி இம்மியளவு விலகிய இரண்டு ரீடுகள் சேர்ந்து அலையலையாக ஒலிக்கும், கேட்க இனிமை. ஆனால் ஊதும் ரீடும் உறிஞ்சும் ரீடும் தனித்தனி அறையில் இருப்பதால் ப்ளூஸ் வளைவு அதில் வராது. நீளமான, இரண்டு வரிசைத் துளை உள்ள கருவியை வாங்கிவிட்டு வளையவில்லையே என்று தன் மூச்சைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வாங்குகிறவர் சுருதியை முதலில் முடிவு செய்யட்டும். ஆர்மோனியம் 5 கட்டையில் என்றால் சி மௌத் ஆர்கன், 1 கட்டை என்றால் எஃப், 4 கட்டை என்றால் பி ஃபிளாட். முதல் கருவிக்கு சி அல்லது ஏ நல்லது; தாழ்ந்த ஜியில் ரீடு பேச நேரம் எடுக்கும், உச்சமான எஃப் வளைக்க ஆரம்பத்தில் முரண்டு பிடிக்கும். கடையில் வாய் வைக்க விடமாட்டார்கள். சில கடைகளில் சிறு துருத்தியால் ஒவ்வொரு துளையாக ஒலித்துக் காட்டுவார்கள். ரீடு செத்திருக்கிறதா, சுருதி பிசகியிருக்கிறதா என்று அதில் தெரியும். ரிஷபம் தெரியாது; ஆர்மோனியத்தில் வராத கமகம் அந்தத் துருத்தியிலும் வராது. கருவி கைக்கு வந்த அன்றே மூன்றாம் துளையை மெதுவாக உறிஞ்சி, காந்தாரத்திலிருந்து ரிஷபம் வரை இறக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். வளைக்கத் தெரியாதவர் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைச் செய்துவிட்டு, பிறகு மரத்தைப் பற்றியும் பிளாஸ்டிக்கைப் பற்றியும் பேசலாம்.