பழைய சம்பளக் கணக்கு பேசுகிறது

பெங்களூருவில் ஐடி வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களிடம் எத்தனை வங்கிக் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்தபோது ஒன்று, ஒயிட்ஃபீல்டுக்கு மாறியதும் இன்னொன்று, மான்யதா டெக் பார்க்கில் மூன்றாவது. கம்பெனி மாறினால் புதுச் சம்பளக் கணக்கு. பழையது சில நூறு ரூபாயோடு அப்படியே கிடக்கும். சம்பளம் வருவது நின்று பொதுவாக மூன்று மாதம் ஆனதும் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். ஜீரோ பேலன்ஸ் சலுகை அத்தோடு போச்சு. ‘குறைந்தபட்ச இருப்பு இல்லை’ என்ற எஸ்எம்எஸ் கிளம்புவது அதன் பிறகுதான்.

அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட விதி, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தகவல் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பத்தான் அபராதம். இந்த அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. ‘மைனஸ் காட்டுது, கட்டினால்தான் மூடுவோம்’ என்று கிளையில் சொன்னால், இந்த விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், பல வங்கிகள் கணக்கிடுவது மாத சராசரியை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். 10,000 ரூபாய் சராசரி கேட்கும் வங்கியில், 30 நாள் மாதத்தில் முதல் 20 நாளும் கணக்கு காலி என்று வைத்துக்கொள்வோம். கடைசி 10 நாள் 30,000 ரூபாயை அங்கே நிறுத்தினால் கணக்கு நேர். ஆனால் பயன்படுத்தாத கணக்குக்காக மாதாமாதம் இந்த வித்தை எதற்கு? மூடிவிடலாம். மூடுமுன் வருமான வரி ரீஃபண்டுக்கும் பிஎஃபுக்கும் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறோமா என்று பார்த்துவிடுங்கள்.

வங்கிகளின் போக்கும் ஒரே மாதிரி இல்லை. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் குறைந்தபட்ச இருப்பையே கைவிட்டது. பெங்களூரு ஜே.சி. ரோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கி, 2025 ஜூன் 1 முதல் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் அபராதத்தை நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகரங்களில் புதுக் கணக்குகளுக்கு 50,000 ரூபாய் சராசரி இருப்பு வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000க்கு இறங்கியது.

என் கவலை இந்த அபராதத்தைப் பற்றியதல்ல. இஎம்ஐ பிடிக்கும் கணக்கில் வரும் ‘லோ பேலன்ஸ்’ எஸ்எம்எஸ்தான் ஆபத்து; அதைத்தான் பலரும் சாவகாசமாக விடுகிறார்கள். பெங்களூருவில் வீடு மாறினாலே பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் உண்டு. இப்போது சில இடங்களில் ஐந்தாறு மாதமாகக் குறைந்திருக்கிறது என்றாலும், அந்த மாதம் கணக்கைத் துடைத்துவிடும். 5ஆம் தேதி இஎம்ஐ என்றால் 4ஆம் தேதி இரவே பணம் இருக்க வேண்டும். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்பது சூதாட்டம். 2021 ஆகஸ்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும்கூடப் பணம் பிடிக்கப்படுகிறது.

பணம் இல்லாமல் திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். தவணை பாக்கியானால் அது சிபிலுக்கும் போகும். 2025 ஜனவரியிலிருந்து கடன் நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும். இவ்வளவோடு நிற்காது. செக் திரும்புவதைப் போலவே, இப்படித் திரும்புவதும் 2007ஆம் ஆண்டு பணப் பட்டுவாடா சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். ஒரு தவணைக்கு யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை, ஆனால் வசூல் ஏஜென்ட் மிரட்டுவதற்கு அந்தப் பிரிவு போதும். சம்பளம் தாமதமாகும் என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிவிடுங்கள்.

சம்பளக் கணக்கோடு ஓவர்டிராஃப்ட் வாங்கியவர்களுக்கு வேறொரு சிக்கல். ஆப்பில் தெரியும் ‘எடுக்கக்கூடிய தொகை’யில் ஓவர்டிராஃப்ட் வரம்பும் சேர்ந்திருக்கலாம். அதை நம் பணம் என்று நினைத்துச் செலவு செய்தால், எடுத்த தொகைக்கு அன்றிலிருந்தே நாள் கணக்கில் வட்டி ஓடும். போதாக்குறைக்கு எஸ்எம்எஸும் குறைந்துகொண்டே வருகிறது. 100 ரூபாய்க்குக் குறைவான யுபிஐ செலவுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதை எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூனில் நிறுத்தியது. தர்ஷினி ஓட்டல் காபியும் இட்லியும் ஆட்டோவும் சத்தமில்லாமல் பணத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும்.

போலி எஸ்எம்எஸும் உண்டு. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து, ‘இருப்பு குறைவு, இந்த லிங்க்கைத் தொடவும்’ என்று வந்தால் அது வங்கியே இல்லை. தொட்டுவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால், எந்த வழியில் போனது என்பதைப் பொறுத்து யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். அது அடுத்த வாரம்.

(தொடரும்)