நான்கு மூலை வெள்ளிக்காசு

1529 செப்டம்பர் கடைசியில் சுல்தான் சுலைமானின் படை வியன்னாவைச் சூழ்ந்துகொண்டது. சம்பளம் வராவிட்டால் கூலிப்படை மதிலில் நிற்காது. தேவாலயங்களின் வெள்ளிச் சாமான்கள் காசாக மாறின. வட்டக்காசாக அல்ல, சதுரக்காசாக. அதில் மன்னர் ஃபெர்டினாண்டின் உருவம், சிலுவை, நான்கு கேடயச் சின்னங்கள். கூடவே, துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்ட செய்தி. இப்படிப்பட்ட சதுரக்காசை நாணயவியலார் ‘கிளிப்பே’ என்கிறார்கள்.

ஏன் சதுரம்? அக்காலத்தில் செம்பு கலந்த வெள்ளியை உருக்கி வார்த்து, சுத்தியலால் தகடாகத் தட்டி, கத்தரியால் துண்டு போடுவார்கள். துண்டை வட்டமாக்க ஓரத்தை நறுக்கி, தட்டி, மறுபடி எடை பார்க்க வேண்டும். நேரத்தைத் தின்பது இந்த வேலைதான். கழிவும் உண்டு: சதுரத் துண்டிலிருந்து இயன்றவரை பெரிய வட்டம் எடுத்தாலும் 21 சதவீதத்துக்கு மேல் மூலைகளில் போய்விடும். அதைத் திரும்ப உருக்கக் கரி வேண்டும், ஆள் வேண்டும். சதுரமாகவே விட்டால் எடை சரியாக இருந்தால் போதும்.

ஆனால் அச்சு பெரும்பாலும் வட்டம்தான். கீழ் அச்சின் மேல் துண்டை வைத்து, மேல் அச்சை நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடித்ததும் நடுவில் முத்திரை விழும். நான்கு மூலைகளும் வெறுமையாக நிற்கும். அதில் கொஞ்சம் நறுக்கிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? பிரெஞ்சுப் படை 1713-இல் லாண்டாவ் கோட்டையை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் இருந்தவர்கள் அடித்த காசில் இதற்கு வழியில்லை. கோட்டைத் தளபதி கார்ல் அலெக்சாந்தரின் பெயர் முத்திரை நான்கு மூலைகளிலும் தனித்தனியாகக் குத்தப்பட்டிருந்தது.

இங்கிலாந்தின் நியூவார்க்கில் 1645–46 உள்நாட்டுப் போர் முற்றுகையின்போது உருக்கவும் பொறுமை இருக்கவில்லை. வெள்ளித் தட்டுகளையே சாய்சதுரங்களாக நறுக்கி முத்திரை குத்தினார்கள். சில காசுகளில் பழைய தட்டின் வேலைப்பாடு இன்றும் தெரிகிறது.

முற்றுகை முடிந்ததும் இத்தகைய வெள்ளி மீண்டும் உலைக்குப் போவது வழக்கம் என்பதால் மிஞ்சியவை சொற்பம். அதற்காகச் சதுரத்தைக் கண்டதும் முற்றுகைக்காசு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1700-இல் நூரம்பெர்க் நகரம் பூகோளத்தின் மேல் ஆட்டுக்குட்டி நிற்கும் சதுரத் தங்கக்காசை அடித்தது. அங்கே எந்த முற்றுகையும் இல்லை. நெருக்கடியில் பிறந்த வடிவம் அதற்குள் அழகுக்காக விரும்பப்படும் வடிவமாகிவிட்டது. ஆகவே வடிவத்தைப் பார்த்த கையோடு வாசகத்தையும் படிக்க வேண்டும்.