திண்ணைக்கு மணம் தரும் செடிகள்

"வீட்டு முன்னால் 20-க்கு 15 அடி இடம் சும்மா கிடக்கிறது. போன வருடம் வண்டியில் வந்த வியாபாரியிடம் 6 ரோஜாச் செடிகள் வாங்கி வைத்தேன. பூ பெரிதாகத்தான் பூக்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாலும் வாசம் இல்லை. என் மாமியாருக்குப் பார்வை மங்கிவிட்டது. நாள் முழுக்கத் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். 'கலரை வெச்சு நான் என்ன பண்ணட்டும்?' என்கிறார். எந்தச் செடி வைக்கலாம்?"

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. இதே குறையைச் சொல்லிப் பலர் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ரோஜா. நீளக் காம்பும், ஒரு வாரம் வாடாத இதழும் வேண்டும் என்று உருவாக்கப்பட்ட கொய்மலர் ரகங்களில் பலவற்றுக்கு மணம் போய்விட்டது. குறை உங்கள் மண்ணில் இல்லை. வாசத்துக்கு என்றால் பன்னீர் ரோஜாதான். பூ சிறியது, சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். ஆனாலும் வாசல் மணக்கும். எந்த மணச்செடியாக இருந்தாலும் பூத்திருக்கும் செடியை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மல்லி, பிச்சி போன்றவை மாலையில்தான் மலரும் என்பதால், நாற்றுப்பண்ணைக்குப் பொழுது சாயும் நேரத்தில் போவது நல்லது.

அடுத்தது மாத வரிசை. ஒரே செடியை நாலு மூலையிலும் வைத்தால் மூன்று மாதம் மணம், மீதி மாதம் வெறும் இலை. குண்டுமல்லி பங்குனி முதல் ஆனி வரை அள்ளிக் கொடுக்கும். முல்லையும் கோடையில் தொடங்கும். ஆடி பிறந்தால் பிச்சி, அதாவது ஜாதிமல்லி, ஐப்பசி வரை பூக்கும். ஆவணிக்குமேல் பவழமல்லி. மார்கழி, தையில் பூ குறையும் நேரத்துக்கு மரிக்கொழுந்து இருக்கிறது. கார்த்திகையில் விதைத்தால் பனிக்காலத்தில் நன்றாக வரும்.

இந்த வாசகியின் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது பவழமல்லி. தண்ணீர் அதிகம் கேட்காது, பராமரிப்பும் பெரிதாக இல்லை. இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் மணக்கும் செடி வேறு என்ன வேண்டும்? திண்ணைக்குத் தெற்கே, 8 அடி தள்ளி வையுங்கள். தென்றல் அடிக்கும்போது வாசம் வீட்டுப் பக்கம் வரும்.

மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். தென்னை நிழலில் வைத்துவிட்டு 'பூக்கவே இல்லை' என்று எழுதுபவர்கள் அதிகம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நடுங்கள். செடிக்குச் செடி 4 அடி போதும். தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளாகும். டெல்டாவின் களிமண்ணில் மேட்டுப்பாத்தி போட்டே நட வேண்டும். கார்த்திகைக் கடைசியில், மழை விட்டதும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்யுங்கள். வெட்ட மனம் வராமல் விட்டால் புதர்தான் மிஞ்சும், பூ இருக்காது. மொட்டுப்புழு வந்தால் திண்ணையோரச் செடிக்குக் கடுமையான மருந்து வேண்டாம். லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள்.

நாற்றுக்குக் காசு செலவழிக்கவும் அவசியமில்லை. மல்லி, பிச்சி இரண்டும் பதியத்தில் வரும். பக்கத்து வீட்டில் நல்ல செடி இருந்தால், தாழ்ந்த கிளை ஒன்றை மழைக்காலத்தில் மண்ணில் அழுத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் போல ஆனால் வேர் பிடித்துவிடும்.

இலை மணத்தை நாம் மறந்துவிடுகிறோம். துளசி, திருநீற்றுப்பச்சிலை, மருவு எல்லாம் தொட்டால்தான் மணக்கும். அதனால் மூலையில் வைக்காமல், திண்ணையில் உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில் தொட்டியில் வையுங்கள். கண் தெரியாதவர் தடவிப் பார்த்தே எது எந்தச் செடி என்று சொல்லிவிடுவார். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வெட்டிவேர் நடலாம். மணம் வேரில்தான். பழைய சிமென்ட் சாக்கில் மண் நிரப்பி நட்டால், ஒரு வருடம் கழித்துச் சாக்கைக் கிழித்து வேரைச் சுலபமாக எடுக்கலாம்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. மரமல்லிக்கு மணம் அருமை, ஆனால் மரம் உறுதியில்லை. 2018 கஜா புயலில் எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் முறிந்து விழுந்தது நாங்கள் ஆசையாக வளர்த்த மரமல்லிதான். கூரையிலிருந்து தள்ளி இடம் இருந்தால் மட்டும் வையுங்கள். இரவு ராணியின் இலையும் காயும் ஆடு மாடுகளுக்கு விஷம். அதன் நெடியில் சிலருக்குத் தலைவலியும் வரும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் ஜன்னலோரம் கூடாது. செண்பகம் வேண்டுமென்றால் ஒட்டுச்செடி வாங்குங்கள். விதையில் வந்தது பூக்கப் பல வருடம் எடுக்கும்.

"மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வரும் என்கிறார்களே?" என்று அதே கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறார். பாம்பு பூ வாசத்துக்கு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வருகிறது, அடர்ந்த புதரில் ஒளிகிறது. மனோரஞ்சிதம் கொக்கி போட்டுப் படரும் செடி என்பதால் அடி அடைந்துவிடும். பந்தலில் ஏற்றி, அடியில் 2 அடி உயரத்துக்குக் கிளைகளைக் கழித்து, சருகைக் கூட்டி வையுங்கள். அரை நிழலிலும் வரும். உங்கள் வீட்டுத் தென்னையடிக்குப் பொருந்தும். பூ பச்சையாக இருக்கும்போது பறிக்காதீர்கள், மஞ்சளானால்தான் மணக்கும்.