நான்கு மாதக் காத்திருப்பும் ஒரு வெள்ளை நாயும்

ராஜபாளையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. சென்னையில் விமானம் ஏறினால் அடுத்த நாளுக்குள் லண்டன். மனிதர்களுக்கு இதுதான் கணக்கு. அதே வீட்டில் வளரும் ராஜபாளையம் நாயையும் கூட்டிப்போக வேண்டுமென்றால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. தடுப்பூசி போட்ட நாளிலிருந்து எண்ணினால் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் குறைந்தது நான்கு மாதம். ஜப்பானுக்கு ஏழு மாதம். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாய்களை ஏற்பதே இல்லை. அது ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டின் வழியாகத்தான் போக முடியும்.

வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள் இதைக் கேட்டதும் மலைத்துப்போகின்றன. ஒரு நாய்க்கு எதற்கு இத்தனை காகிதம், இத்தனை நாள் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் காகிதங்களை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். அவற்றில் உள்ள தேதிகளைத் தீர்மானிப்பது நாயின் உடலும், அதற்குள் நுழையக்கூடிய ஒரு வைரஸின் நடைவேகமும்தான் என்பது விளங்கும்.

பால்வெள்ளையில் ஒரு சிக்கல்

ராஜபாளையம் நாயைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், இளஞ்சிவப்பு மூக்கு, பால் போன்ற வெண்மை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இமயமலை ஆட்டுநாய், ராம்பூர், முதோல் நாய்களோடு நம் ஊர் நாயும் இடம்பெற்றது. உறைகளில் ஒட்டப்பட்டு அது கடல் தாண்டியது அப்படித்தான். அந்தப் பயணத்துக்கு ஊசி தேவைப்படவில்லை.

இந்த வெண்மையே பயணத்தின் முதல் சிக்கல். இரண்டு ராஜபாளையம் நாய்களை அருகருகே நிறுத்தினால், வளர்த்தவருக்கு வித்தியாசம் தெரியும். விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரிக்குத் தெரியாது. சான்றிதழில் உள்ள நாய் இதுதான் என்று எப்படி உறுதிசெய்வது? அதற்குத்தான் மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கால்நடை மருத்துவர் கழுத்துக்குக் கீழே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார். அதில் மின்கலம் கிடையாது. நாய் எங்கே இருக்கிறது என்றும் அது சொல்லாது. உள்ளே இருப்பது ஒரு நுண்ணிய கம்பிச்சுருளும் சில்லும் மட்டுமே. படிப்பானை அருகில் கொண்டுபோனதும் அதன் காந்தப்புலம் கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த மின்சாரத்தில் ஒரு கணம் உயிர்பெறும் சில்லு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் அடங்கிவிடுகிறது. கிணற்றடியில் அமர்ந்திருப்பவர் கூப்பிட்டால் மட்டும் பேர் சொல்வதுபோல.

வரிசையில் தவறு செய்யக் கூடாத இடம் இது. முதலில் சிப், அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டுவிட்டுப் பிறகு சிப் வைத்தால், அந்த ஊசி எந்த நாய்க்குப் போடப்பட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. பழைய ஊசி கணக்கில் சேராது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் இழப்பது பெரும்பாலும் இந்தச் சிறு பிசகினால்தான்.

அரை யூனிட் என்னும் வாசல்

தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அதன் மேலுறையில் முள்முள்ளாக நிற்கும் புரதத்தை நாயின் உடல் அடையாளம் கண்டு, அதைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பான்களை உருவாக்குகிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை. எதிர்ப்பான்கள் இரத்தத்தில் மெல்லப் பெருகி, ஏறத்தாழ நான்கிலிருந்து ஆறு வாரங்களில் உச்சத்தைத் தொடுகின்றன. ஊசி போட்டு 30 நாள் கழிந்த பிறகே இரத்தம் எடுக்க வேண்டும் என்று பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சொல்வது இதனால்தான்.

எடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த சீரம், போகும் நாடு ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்குக் குளிர்ச்சியில் வைத்து அனுப்பப்படுகிறது. அங்கே நடப்பது அழகான ஒரு சோதனை. சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலும் உயிருள்ள வெறிநோய் வைரஸைக் கலக்கிறார்கள். பிறகு அந்தக் கலவையை வெள்ளெலியின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல்கள்மீது ஊற்றி இரண்டு நாள் வைக்கிறார்கள். வைரஸ் புகுந்த செல்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், நோய் பிடித்த செல்கள் பச்சையாக ஒளிரும். சோதனைத் தட்டில் எதிர்ப்பான்கள் வைரஸை முடக்கிவிட்ட குழிகள் இருட்டாகவே இருக்கும். எவ்வளவு நீர்க்கச் செய்த பிறகும் இருட்டு நீடிக்கிறது என்பதை வைத்து எதிர்ப்பான் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் 0.5 சர்வதேச யூனிட் இருந்தால் தேர்ச்சி.

ராஜபாளையம் போன்ற உயரமான நாயை வளர்ப்பவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான விலங்குகளின் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்தபோது, சிறிய நாய்களைவிடப் பெரிய நாய்களில் எதிர்ப்பான் அளவு பொதுவாகக் குறைவாக இருப்பது தெரியவந்தது. வாழ்நாளின் முதல் ஊசி ஒன்றை மட்டும் நம்பாமல், இடைவெளி விட்டு இரண்டாவது ஊசியும் போட்ட பிறகு இரத்தம் எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது. தோற்றால் மறு ஊசி, மறு சோதனை, மறு காத்திருப்பு.

நரம்புக்குள் ஒரு தண்டவாளம்

தேர்ச்சி பெற்றாயிற்று. எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று ஆய்வகமே சொல்லிவிட்டது. பிறகும் ஏன் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கான விடைதான் இந்தக் கதையின் வியப்பு.

வெறிநோய் வைரஸ் வேறு பல வைரஸ்கள் போல இரத்தத்தில் கலந்து பரவுவதில்லை. கடிபட்ட இடத்தின் தசையில் முதலில் தங்குகிறது. சில நாளும் தங்கலாம், பல வாரமும் தங்கலாம். பிறகு அங்கே வந்து முடியும் நரம்பின் நுனிக்குள் நுழைகிறது. ஒவ்வொரு நரம்பு இழைக்குள்ளும் நுண்குழாய்கள் தண்டவாளம்போல் நீள்கின்றன. நரம்பு நுனியிலிருந்து தலைமையகத்துக்குச் சரக்கு கொண்டுபோக, டைனீன் என்ற புரதம் அந்தத் தண்டவாளத்தில் ஒரு மீட்டரில் கோடியில் ஒரு பங்கைவிடச் சிறிய அடிகளாக வைத்து நடக்கிறது. உடலின் அன்றாட வேலைக்காக ஓடும் இந்தச் சரக்கு வண்டியில்தான் வைரஸ் தொற்றிக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் முதுகுத்தண்டை நோக்கியும், அங்கிருந்து மூளையை நோக்கியும் போகிறது.

உயரமான ஒரு ராஜபாளையம் நாயின் பின்னங்காலிலிருந்து மூளை வரை நரம்புவழித் தூரம் ஒன்றரை மீட்டர் இருக்கும். பாதத்தில் பட்ட கடிக்கும் முகத்தில் பட்ட கடிக்கும் உள்ள வேறுபாடு இதிலேயே தெரிந்துவிடும். நரம்புக்குள் போகும்வரை வைரஸின் எண்ணிக்கை குறைவு. நரம்புக்குள் போன பிறகோ, நோயெதிர்ப்புப் படை எளிதில் எட்டிப்பார்க்காத இடம். அதனால் இந்த முழுப் பயணத்தின்போதும் நாய் உண்ணும், ஓடும், வாலாட்டும். நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சோதனை எதுவும் உயிருள்ள நாயில் செய்ய முடியாது.

இப்போது அந்த மூன்று மாதத்தைப் பாருங்கள். ஊசி போடுவதற்கு முந்தைய வாரம் தெருவில் நடந்த சண்டையில் நாய்க்குக் கடி பட்டிருந்தால்? இரத்தத்தில் எதிர்ப்பான் இருக்கும், பரிசோதனையில் தேர்ச்சியும் பெறும், ஆனால் வைரஸ் ஏற்கெனவே தண்டவாளம் ஏறியிருக்கலாம். நாய்களில் நோய் வெளிப்பட எடுக்கும் காலம் பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள். ஊசிக்குப் பின் ஒரு மாதம், இரத்தம் எடுத்தபின் மூன்று மாதம் என்று நான்கு மாதம் நலமாக இருந்த நாய்க்குள் அந்த வண்டி ஓடவில்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அரிதாக ஆறு மாதம் வரையும் ஆகும் என்பதால் ஜப்பான் இன்னும் எச்சரிக்கையாக 180 நாள் கேட்கிறது. அங்கே 1957-இல் விலங்குகளிடமிருந்து ஒழிந்த நோய் அது. அதை மறுபடி உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை.

அந்த அச்சம் கற்பனையும் அல்ல. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் சிலர் பிரான்சிலிருந்து நாய்களை ஒளித்துக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே வெறிநோயை ஒழித்திருந்த அந்தத் தீவில் 1918-இல் நோய் மீண்டும் முளைத்தது. அதை அடக்க 1922 வரை ஆயிற்று. பிறகு பல பத்தாண்டுகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நாயும் ஆறு மாதம் தனிக் கொட்டடியில், வளர்த்தவரைப் பிரிந்து இருக்க வேண்டியிருந்தது. 2000-இல்தான் சிப், ஊசி, இரத்தப் பரிசோதனை என்ற வரிசை அந்தக் கொட்டடிக்கு மாற்றாக வந்தது. இன்று அந்தக் காத்திருப்பை நாய் நம் திண்ணையிலேயே படுத்துக் கழிக்கிறது. அறிவியல் அதற்குச் செய்த பெரிய உபகாரம் இது.

கூண்டும் காதும்

காத்திருக்கும் மாதங்கள் வீணல்ல. கூண்டுக்குப் பழக்க அந்த நாட்கள் வேண்டும். விமானத்தில் விலங்குகளைக் கொண்டுபோக உலகெங்கும் பின்பற்றும் விதி ஒன்று உண்டு: நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகக் கால்நீட்டிப் படுக்கவும் கூண்டில் இடம் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை மூட்டு வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தை இரட்டித்தால் அகலம். தலை நிமிர்ந்து நிற்கும் உயரத்தோடு படுக்கையின் கனத்தையும் சேர்த்தால் உயரம். உடல் நீளம் 95, முழங்கை உயரம் 38 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கூண்டின் உள்நீளமே 114 சென்டிமீட்டர். இந்த நாய்க்கு இருக்கைக்கு அடியில் இடமில்லை, சரக்கு அறைதான். சிறிய விமானங்களின் சரக்குக் கதவில் இத்தனை உயரமான கூண்டு நுழையாமலும் போகலாம் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கூண்டின் அளவைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

சரக்கு அறை என்றதும் மூச்சுமுட்டும் இருட்டறை என்று கலங்க வேண்டாம். விலங்குகள் போகும் அறையிலும் பயணிகள் அறையின் அதே காற்றழுத்தம்தான். அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயர மலைமீது இருப்பதற்குச் சமம். ஊட்டியைவிடச் சற்றே உயரம். வெப்பநிலையையும் விமானம் கட்டுப்படுத்துகிறது. ஆபத்து அதிகம் உள்ள இடம் வானமல்ல, தரை. கோடையில் ஓடுதளத்தின் அனலில் காத்திருக்கும் நேரம் அது. நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை; மூச்சிரைத்து, மூக்கின் உள்மடிப்புகளிலும் நாவிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கிறது. தட்டை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்காததற்குக் காரணம் இதுதான். ராஜபாளையத்தின் நீண்ட முகம் இந்த வகையில் வரம். ஆனாலும் சித்திரை, வைகாசியைத் தவிர்ப்பது நலம். தூக்க மருந்து கொடுத்து அனுப்புவதும் கூடாது. அது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையும் குலைத்துவிடும்.

காது பற்றியும் சொல்லியாக வேண்டும். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உட்செவியிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் செல்களுக்குத் தேவையான மின்னழுத்தத்தை அங்கே பராமரிப்பது அவற்றின் வேலை. வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குக் கருவிலேயே அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேராததால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது. டால்மேஷியன் போலவே ராஜபாளையத்திலும் பிறவிச் செவிட்டுத்தன்மை இருக்கிறது. அப்படிப்பட்ட நாய்க்கு விமானத்தின் இரைச்சல் ஒன்றும் செய்யாது. ஆனால் எதிர்பாராமல் கூண்டு அசைந்தால் திடுக்கிடும். கைச்சைகையும் மெல்லிய தொடுகையும்தான் அதற்கு மொழி. உடுத்திய துண்டு ஒன்றைத் துவைக்காமல் கூண்டில் போட்டுவையுங்கள். எந்த நாய்க்கும் வீடு என்பது முதலில் வாசனை.

கடைசி வாரம் சென்னையில். பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் நிலையத்தில் நாயைக் காட்டிச் சான்று பெற வேண்டும். பிரிட்டன் போகும் நாய்க்கு, தரையிறங்குவதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். நரியும் நாயும் சுமந்து மனிதனின் கல்லீரலைத் தாக்கும் ஒரு புழு அந்தத் தீவில் இல்லை. அது இல்லாமலே இருக்கட்டும் என்பதற்கான விதி அது.

எல்லை எங்கே இருக்கிறது?

ராஜபாளையத்திலிருந்து சற்றுத் தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் கோபுரத்துக்குப் பின்னணியாய் நிற்கும் மலையில் 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அடிவாரத் தோப்புகளில் காவல் நாய்கள் இரவெல்லாம் சுற்றுகின்றன. விமான நிலையத்தில் மட்டுமல்ல, இங்கும் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. இங்கே சிப்பைப் படித்துப் பார்க்க யாருமில்லை; நாயின் நோய் காட்டுக்குள் நுழைந்துவிடலாம். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. நாய்க்குப் போடும் ஊசி காட்டுக்கும் சேர்த்துத்தான்.

அந்த நான்கு மாதக் காத்திருப்பு உண்மையில் உங்கள் நாயின்மீது உள்ள சந்தேகம் அல்ல. அது வளர்ந்த தெருவின்மீது உள்ள சந்தேகம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள். அந்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் நேர்வதாக மதிப்பிடப்படுகிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து ஊசி போட்டுவந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகம் முழுக்கக் கண்ட அனுபவம். கோவா அப்படி உழைத்து, 2021-இல் வெறிநோய் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை நாடெங்கும் ஒழிப்பதாக இந்தியாவும் இலக்கு வைத்திருக்கிறது.

ஆகவே பயணத்துக்காக உங்கள் நாயை ஊசிக்குக் கூட்டிப்போகும் நாளில், வாசலில் நீங்கள் சோறு வைக்கும் தெருநாய்க்கும் ஒரு ஊசி போடச் சொல்லுங்கள். அதற்குக் கடவுச்சீட்டு தேவைப்படப்போவதில்லை. ஆனால் அப்படி நூற்றுக்கு எழுபது நாய்களுக்குப் போட்ட தெருவில் பிறக்கும் ஒரு வெள்ளைக் குட்டி, என்றாவது ஒருநாள் கடல் தாண்டக் கிளம்பும்போது, அதன் காகிதத்தில் காத்திருப்புக்கான கட்டம் இல்லாமலே இருக்கலாம்.