அழுகிய முட்டை நாற்றத்தைத் தின்று வாழ்கிறவர்கள்

மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் உள்ளே வாருங்கள்! கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு நுரை பொங்கும் பெரிய தொட்டிகளைக் காட்டுவார்கள், கடைசியில் தெளிந்த தண்ணீரையும் காட்டுவார்கள். எரிவாயுக் குழாய்களுக்கு நடுவே ஓரமாக நிற்கும் அந்த ஃபைபர் கோபுரத்தின் பக்கம் யாரும் கூட்டிப்போவதில்லை. எனக்கோ அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கால் தரையில் நிற்காது. அதற்குள் கோடானுகோடி உயிர்கள் உட்கார்ந்து, அழுகிய முட்டை நாற்றத்தைச் சாப்பாடாக்கிக்கொண்டிருக்கின்றன.

கதை உங்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. சென்னை அம்பத்தூரில் வாஷிங் மெஷினில் கொட்டும் சலவைத் தூளில் கணிசமான பங்கு சோடியம் சல்பேட். அளவைக் கூட்டச் சேர்க்கும் உப்பு அது. போர் தண்ணீரிலும் சல்பேட் உண்டு. போதாததற்கு முட்டை, பருப்பு, பூண்டு, வெங்காயம் எல்லாவற்றிலும் கந்தகம். இத்தனையும் சாக்கடையில் சேர்ந்து, அம்பத்தூர் பக்கமிருந்து கோயம்பேட்டுக்கும், ஆவடியில் பருத்திப்பட்டுக்கும் பம்ப் ஏறிப் போகிறது. பாதாளச் சாக்கடை எட்டாத பூந்தமல்லித் தெருக்களில் செப்டிக் டேங்க் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது.

கோயம்பேட்டில் மெட்ரோ வாட்டருக்கு மூன்று பிளான்ட்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நாளொன்றுக்கு 3.4 கோடி லிட்டர், 6 கோடி லிட்டர், 12 கோடி லிட்டர். நடுவில் சொன்ன 6 கோடி லிட்டர் பிளான்ட், சென்னை நகர ஆறுகள் பாதுகாப்புத் திட்டத்தில் கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி பிளான்ட்களோடு 2005, 2006 வாக்கில் ஓட ஆரம்பித்தது. அந்த நாலு பிளான்ட்களின் விசேஷம், கசட்டிலிருந்து வரும் எரிவாயுவை எஞ்சினில் விட்டு, தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும்படி கட்டியதுதான். நம் வீட்டுக் கழிவு நம் கழிவைச் சுத்தம் செய்ய கரன்ட் கொடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குதூகலம் தாங்காது.

அடியில் தங்கும் கசட்டைக் காற்றுப் புகாத டைஜெஸ்டர் தொட்டியில் இருபது நாளுக்கு மேல் வைத்திருப்பார்கள். 35 டிகிரி சூடு அதற்குப் போதும், சென்னை வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் கசட்டைச் செரித்து வாயு விடும். அதில் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து பங்கு மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே சல்பேட்டை வைத்து மூச்சு விடும் இன்னொரு கூட்டம் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கலந்துவிடுகிறது. பத்து லட்சம் பங்கில் சில நூறு முதல் சில ஆயிரம் பங்குதான், ஆனால் எஞ்சினுக்கு அதுவே எமன். எரியும்போது அது கந்தக ஆக்சைடாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். எஞ்சின் ஆயில் கெடும், பேரிங் அரிக்கும்.

எவ்வளவு அமிலம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 5,000 கன மீட்டர் வாயு, அதில் பத்து லட்சத்துக்கு 2,000 பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 14 கிலோ ஆகிறது. முழுவதும் கந்தக அமிலமானால் 40 கிலோவுக்கு மேல். தினமும்!

இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கக் காஸ்டிக் சோடாவால் கழுவலாம், இரும்பு ஆக்சைடு பூசிய மரச்சீவலில் பிடிக்கலாம். இரண்டிலும் பொருளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், தீர்ந்ததை அப்புறப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வழிதான் நம் கோபுரம்.

உள்ளே எட்டிப் பாருங்கள். கைமுறுக்குப் போல ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் வளையங்கள் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கும். கரைந்த சத்துகளுக்காகச் சுத்திகரித்த கழிவுநீரையே மேலிருந்து தூவிக்கொண்டிருப்பார்கள். கீழிருந்து எரிவாயு, கொஞ்சம் காற்றோடு சேர்ந்து ஏறும். ஒரு வளையத்தைக் கையில் எடுத்தால் வழவழவென்று ஒரு படலம், அதில் வெளிர் மஞ்சள் பூச்சு. அந்தப் படலத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நம் கதாநாயகர்கள், மஞ்சள் அவர்கள் செய்து வைத்த கந்தகம். காற்று போதுமான அளவு கிடைத்தால் இன்னும் ஒரு படி போய் அதை அமிலமாகவே ஆக்கிவிடுவார்கள். அடியில் சேரும் தண்ணீரின் பிஎச் ஒன்றரை, இரண்டு என்று இறங்கும். எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பான அந்தத் தண்ணீரில் சுகமாக வாழ்கிறார்களே, அதுதான் என்னை அசத்துவது! காற்றுக் குறைந்தால் மஞ்சள் கட்டி தட்டி வளையங்களை அடைத்துவிடும், ஆபரேட்டர் நிறுத்திக் கழுவ வேண்டியதுதான்.

எரிவாயுக்குள் காற்றை விடுவதா, வெடிக்காதா என்று நீங்கள் திடுக்கிடலாம். மீத்தேன் வெடிக்க வேண்டுமானால் காற்றோடு கலந்த கலவையில் அது 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே தலைகீழ்: மீத்தேன் மலையாக, காற்று நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான். அதையும் ஆக்சிஜன் சென்சார் கண்காணித்துக்கொண்டே இருக்கும், எல்லை தாண்டினால் ப்ளோயர் நின்றுவிடும்.

நம் கதாநாயகர்களை முதலில் புரிந்துகொண்டவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ஆய்வாளர். 1887-ல், சூரிய வெளிச்சமோ சாப்பாட்டுச் சத்தோ இல்லாமல் கந்தகத்தை எரித்தே உயிர் வாழ முடியும் என்று கந்தக நுண்ணுயிர்களை ஆராய்ந்து சொன்னார். உடல் கட்டக் கரி வேண்டுமே? அதைக் கரியமில வாயுவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், எரிவாயுவில்தான் அது கொட்டிக் கிடக்கிறதே. 1977-ல் காலபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, இருட்டில் ஓர் உலகமே இதே தொழிலை நம்பி வாழ்வது தெரியவந்தது. கடல் அடியில் நடப்பது நம் கழிவுநீர் நிலையத்திலும் நடக்கிறது!

இதே கூட்டத்தார்தான் பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்குப் பரம எதிரிகளும். சாக்கடை நீருக்கு மேல் குழாயின் கூரையில் ஒட்டிக்கொண்டு, ஏறி வரும் வாயுவைக் கந்தக அமிலமாக்கி, கான்கிரீட்டை மாவாக்கிவிடுகிறார்கள். 1945-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் அரித்த குழாயிலிருந்தே இவர்களைப் பிரித்துக் காட்டினார். குழாயில் இருந்தால் நாசம்; பிளாஸ்டிக் வளையத்தில் குடிவைத்தால் எஞ்சினுக்குக் காவல். இடத்தை மாற்றியதும் எதிரி கூட்டாளியாகிறார், இதைவிட அழகான பொறியியல் எனக்குத் தெரியாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைப் பற்றிச் சொல்லிவிட்டு ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கு வாக்கில் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். ஐந்நூறைத் தாண்டினால் உயிர் போகும். மேன்ஹோலில் இறங்கியவர் ஏறி வராத செய்திகளில் பெரும்பாலும் இந்த வாயுதான் காரணம், அந்தப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டின் சட்டம் தடை செய்தும் சாவுகள் நின்றபாடில்லை. கோபுரத்துப் பக்கம் போகும் ஆபரேட்டரின் சட்டையில் செருகியிருக்கும் சின்ன கேஸ் டிடெக்டர் மேன்ஹோல் மூடியைத் திறக்கும் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டும்.

சரி, கந்தகத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் பாக்வெஸ் நிறுவனம் வளர்த்த தயோபேக் முறையில், எரிவாயுவைக் காரத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டிக்குக் கொண்டுபோய் அங்கிருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கொடுப்பார்கள். எரிவாயுவுக்குள் காற்று கலக்க வேண்டியதே இல்லை. கந்தகம் மஞ்சள் சேறாக அடியில் தங்கும், காய்ந்தால் உரம். நிலக்கடலைக்குச் சுண்ணாம்புச் சத்தோடு கந்தகமும் கொடுக்கத்தானே நம் விவசாயிகள் ஜிப்சம் போடுகிறார்கள்!

எனக்குப் பிடித்த விவரத்தைக் கடைசியாக வைத்திருந்தேன். இந்த நுண்ணுயிர்களை வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. நுரைத்துச் சுழலும் தொட்டியிலிருந்து ஒரு பங்கு கசட்டை எடுத்துக் கோபுரத்தில் ஊற்றினால் விதைத்தாயிற்று. அதில் ஏற்கெனவே இருக்கும் சொற்ப பேர், கந்தகத்தைக் கண்டதும் பெருக ஆரம்பிப்பார்கள். சில வாரத்தில் கோபுரம் முழுக்க அவர்கள் ராஜ்ஜியம். பிறகு ஆபரேட்டர் பார்க்க வேண்டியது பிஎச், ஆக்சிஜன், தண்ணீர் ஓட்டம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் எஞ்சின் ரூமில் ஆயில் மாற்றும் நாள் தள்ளிப்போகும்.