குளிரில் புறப்பட மறுக்கும் டீசல் வண்டி

தாமிரபரணிக் கரையில் குளிர் என்பது மார்கழி மாதத்து விடியலோடு வந்து, வெயில் ஏறியவுடன் விடைபெற்றுச் செல்வதாகும். ஆழ்வார்திருநகரியில் ஒருவர் குளிரினால் வண்டி கிளம்பவில்லை என்று சொன்னால் கேட்போர் நகைப்பர். ஆயினும், நம் பக்கத்து வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு உதகமண்டலம் சென்ற ஒரு சங்கத்து டீசல் வண்டியின் விவகாரம் தணிக்கையின்போது நம் முன் வந்தது. அதனை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். தை மாதத்தில் ஓர் இரவு உதகை போய்ச் சேர்ந்த வண்டி, விடியற்காலையில் எத்தனை முறை சாவி திருப்பியும் புறப்படவில்லை. பத்து மணிக்கு மேல் வேறொரு லாரியைக் கொண்டு இழுத்துக் கிளப்பினர். அதற்குள் காலை வியாபாரம் முடிந்துவிட்டது. வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரில் வெகு நேரம் இருந்தால் அதன் தோல் கருத்துப் போகும். இன்னோர் இரவும் மலையில் நிற்க நேர்ந்த தார்கள் பாதி விலைக்கும் போகவில்லை. விளக்கை அணைக்காமல் விட்டுப் பாட்டரியைத் தீர்த்தவர் டிரைவரே என்று நிர்வாகக் குழு முடிவு செய்து, நஷ்டத்தை அவருடைய சம்பளத்தில் பிடிக்கத் தீர்மானம் போட்டது. அத்தீர்மானம் முறையானதா என்பதே நம்மிடம் வந்த கேள்வி.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய நாள் முதல் அதன் தத்துவம் ஒன்றே. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறுகிய இடத்தில் நெருக்கினால் அது கொதிக்கும்; அந்தச் சூட்டில் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். குளிர் இந்தச் சூட்டைத் திருடுகிறது. சில்லிட்ட இரும்பு வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆயில் தடித்து எஞ்சின் சுற்றுவதைத் தடுக்கிறது. பாட்டரியின் திறனும் குறைகிறது. மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் நெருக்கப்பட்ட காற்று, கசிவதற்கும் ஆறுவதற்கும் அவகாசம் பெறுகிறது. போதாக்குறைக்கு, ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆகவே, சமவெளியில் அரைகுறை பலத்தோடும் கிளம்பிவிடும் வண்டி, மலையில் தன் குறையைக் காட்டிக்கொடுத்து விடுகிறது.

வவுச்சர்களைப் புரட்டிப் பார்த்தோம். மூன்று மாதங்களுக்குள் புதிய பாட்டரி ஒன்று, ஸ்டார்ட்டர் பழுதுபார்ப்பு ஒன்று, இன்ஜெக்டர் சுத்தம் செய்த வகையில் ஒன்று எனச் செலவு எழுதப்பட்டிருந்தது. அங்கத்தினர் பணம் மூன்று முறை போயிற்று, நோய் போகவில்லை. எலக்டிரீஷியன் ஒருவரை அழைத்து வோல்ட் மீட்டர் வைக்கச் சொன்னோம். ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், காட்டியது. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்துச் செல்ப் அடிக்கச் செய்தோம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியில் குற்றம் என்று பொருள். இங்கே இரண்டு வோல்ட்டைத் தாண்டிற்று! குனிந்து பார்த்தால், பின்னல் கம்பி முழுவதும் பச்சை பூத்து, முடுக்கிய இடம் துருவேறிக் கிடந்தது. அந்த வண்டி நெசவாளர் சாயப் பட்டறைக்காகத் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றி வருவது வழக்கம். உதகையில் வெளிப்பட்ட நோய் கடற்கரையிலேயே பிடித்த நோய்தான்.

எல்லா வண்டிக்கும் இதுவே காரணம் என்று கொள்ளலாகாது. செல்ப் வேகமாகச் சுற்றியும் கிளம்பாவிட்டால் சைலன்ஸரைக் கவனியுங்கள். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அறியலாம். ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க வேண்டும். நல்ல பிளக்கின் மின்தடை ஓர் ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், கெட்டதில் மின்சாரமே ஓடாது. சுருள் விளக்கு அணையும் வரை பொறுக்காமல் சாவியைத் திருப்புகிறவர்களே அதிகம். மலையில் இருமுறை சூடேற்றிய பின் திருப்புவது உத்தமம். பிளக் நன்றாயிருந்தும் வெண்புகையே வந்தால், தேய்ந்த எஞ்சினில் காற்றின் நெருக்கம் குறைந்திருக்கக்கூடும்.

புகையே வராவிடில் டீசல் போய்ச் சேரவில்லை. இரவில் குழாய் மூட்டு வழியே காற்றுப் புகுந்து டீசல் தொட்டிக்கே இறங்கிவிடுவதுண்டு. கைப்பம்பு அடித்து ஏர் எடுத்தால் கிளம்பும். ஆனால் மறுநாளும் அதே கதைதான், மூட்டைச் சரிசெய்யும் வரையில். காமன் ரெயில் வகையைச் சேர்ந்த புது வண்டிகளில் இன்ஜெக்டர் குழாய்களை மட்டும் யாரும் தளர்த்த வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம் ஆளை ஊடுருவிக் காயப்படுத்தும்.

டீசலில் கலந்த தண்ணீரும் ஒரு சத்துரு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், நம் ஆறு ஊருக்குள் புகுந்ததையும் மறந்தவர் இலர். வெள்ளத்தில் நின்ற வண்டியில் பில்டரின் அடியிலுள்ள தண்ணீரை வடிப்பது மட்டும் போதாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கச் செல்ப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். முதலில் மெக்கானிக் பார்க்கட்டும்.

கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு பில்டரை அடைப்பதும் உண்டு. லடாக் பகுதிக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019இல் இந்தியன் ஆயில் நிறுவனம் வெளியிட்டது. இதற்குப் பரிகாரமாக மண்ணெண்ணெய் கலப்பவர் உளர். அது சட்டப்படி குற்றம்; பம்பின் வழவழப்பையும் கெடுக்கும். ஈதர் தெளிப்பது அதனினும் கொடிது. பழுத்திருக்கும் ஹீட்டர் பிளக்கில் பட்டு எஞ்சினே வெடித்து உடைய ஏதுவாகும். செல்பைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், இடையே ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

டிரைவர் விஷயத்துக்கு வருவோம். அவர் எழுதிவந்த லாக் புத்தகத்தில், கார்த்திகை மாதம் முதலே, “காலையில் செல்ப் மெதுவாகச் சுற்றுகிறது, பார்க்கவும்” என்ற குறிப்பு நான்கு இடங்களில் இருந்தது. அவற்றுள் ஒரு பக்கத்தின் அடியில், கிலோமீட்டர் கணக்கு சரி என்று நம்முடைய கையொப்பமே காணப்பட்டது! மேலே எழுதியிருந்ததை நாம் படிக்கவில்லை. இதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதி, பிடித்தம் செய்ய ஆதாரமில்லை என்று முடித்தோம். குழு தீர்மானத்தை ரத்து செய்தது. புதிய எர்த் கம்பிக்கு ஆன செலவு ஒரு வாழைத்தாரின் விலைக்கும் குறைவு.

வேறு என்ன வேண்டும் என்று டிரைவரைக் கேட்டோம். மாதக் கூட்டத்தில் லாக் புத்தகத்தை ஒருவர் வாய்விட்டுப் படித்தால் போதும் என்றார். அந்தப் பொருள் இன்னும் நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை.